எங்கள் ஆள் இல்லாத அமைச்சரவை

இந்த வாரம் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் இந்த இடத்தில் என் பயங்களைத்தானே படிக்கிறீர்கள்? கேஸ் சிலிண்டரை மூடினேனா என்ற பயம். பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தால் வருகிற பயம். டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் வருகிற பயம்... என் பத்தியைப் படித்த பிறகு தானும் அடுப்பை இரண்டு தடவை போய்ப் பார்ப்பதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள், சகோதரி. இந்த வாரம் அடுப்பை மறந்துவிட்டுப் படிக்கலாம்.

ஏனென்றால் விஷயம் நாட்டின் அமைச்சரவை பற்றியது.

சிரிக்காதீர்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அமைச்சரவையில் என்ன வேலை? எனக்கு ஒன்றுமில்லைதான். என் மதினிக்கு இருந்தது.

மதினி என்றால் என் கணவரின் மூத்த சகோதரி, பௌசியா. நாங்கள் குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிறோம். அவர் கண்டக்குழியில், கடலோரத்தில், கருவாட்டு வாடி போட்டிருக்கிறார். கணவர் மௌத்தாகிப் பல வருடம். நாலு பெண்கள் அவரோடு வேலை செய்கிறார்கள். மீனைக் கீறுவது, உப்புப் போடுவது, காயப்போடுவது, வெயில் சரிந்ததும் மூடுவது என்று ஐந்து பேரும் அந்த வாடியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

வாடிக்கு ஒரு பாதை இருந்தது. இரண்டு தென்னந்தோட்டங்களுக்கு நடுவே, தார் ரோட்டிலிருந்து நேரே கடலுக்கு. ஒரு சின்ன லொறி நெருக்கிக்கொண்டு போய் வரலாம். கருவாடு ஏற்ற வருகிற லொறியும் அதில்தான் வரும், பச்சை மீன் ஏற்ற வருகிற ஐஸ் லொறியும் அதில்தான் வரும்.

எங்கள் பக்கத்துக் கடல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோளகக் காற்றுக் காலம் வந்துவிட்டால் மேற்குக் கரையில் கடலுக்குப் போக முடியாது. போட்டுகளை இழுத்து மேலே போட்டுவிடுவோம். அந்தக் காலத்தில் கடல் வேறு ஆட்களுக்கு. பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, பலகையில் நின்று, அலை மேல் பறக்கிற வெள்ளைக்காரர்களுக்கு. அவர்களுக்காக லொட்ஜுகள் வந்திருக்கின்றன. வரட்டும். எங்கள் பெண்கள் சிலருக்கு அங்கே சமையல் வேலையும் கிடைத்திருக்கிறது.

ஆனால் இந்த முறை காற்றுக் காலத்தில் ஒரு லொட்ஜ் தன் வேலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டது. கொஞ்சம் என்றால்... பாதை முழுவதும் வேலிக்குள்ளே போய்விட்டது. கொங்கிரீட் தூண், முள்ளுக்கம்பி, ஒரு இரும்புக் கேட். கேட்டுக்குள்ளே செம்பரத்தை நட்டுத் தண்ணீரும் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

காற்றுக் காலத்தில் அந்தப் பாதையில் யாரும் நடப்பதில்லை. ஆகவே அது பாதை இல்லை என்று நினைத்திருப்பார்கள். நல்ல மனதோடு யோசித்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். நல்ல மனதோடு யோசிக்காமலும் இருக்கலாம்.

லொறி அனுப்புகிற கருவாட்டு முதலாளி மதினிக்குப் போன் எடுத்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "பாத இல்லாட்டி லொறி வராது, பௌசியா. மணலுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்க எனக்கு ஏலா. சீசன் தொடங்க முன்ன ஒரு முடிவு சொல்லுங்க."

சீசனுக்கு இன்னும் சில மாதம்தான் இருந்தது.

இப்போது அமைச்சரவைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் உண்டு. எதுவாக இருந்தாலும் 'எங்கள் ஆள்' ஒருவருக்குக் கடிதம் எழுதுவோம். அவர் எதற்கு அமைச்சர் என்று பார்ப்பதில்லை. எங்களுக்கு ஆளா, இல்லையா? அதுதான் கேள்வி. முன்பு ஒரு காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பிரதி அமைச்சராக இருந்தார். எதற்குப் பிரதி என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் கிணறு, கரண்ட், பள்ளிக்கூடத்துக் கூரை, ஒரு தடவை கல்யாணச் சண்டை... எல்லாவற்றுக்கும் அவருக்கே கடிதம் போனது. பாவம், அவரும் எல்லாவற்றுக்கும் 'கவனிக்கிறேன்' என்றார். கவனித்துக்கொண்டே இருந்தார்.

அதனால் மீனவர் சங்கத்துத் தலைவர் நஜீம் நானா புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்திருந்தார். தேர்தல் முடிந்த கையோடு பாதைக்கான கடிதத்தை டைப் பண்ணி வைத்துவிட்டார். 'எங்கள் மண்ணின் மைந்தர் மாண்புமிகு' என்று தொடங்கி, அதற்குப் பிறகு நீளமாக ஒரு புள்ளிக்கோடு. அமைச்சரவை பதவியேற்றதும் எங்கள் ஆளின் பெயரை அந்தப் புள்ளிக்கோட்டில் எழுத வேண்டியதுதான் பாக்கி. சங்கத்து முத்திரைகூடக் குத்தியாகிவிட்டது!

பதவியேற்பு நாளன்று நான் மதினி வீட்டில் நின்றேன். இருவரும் சங்கக் கட்டடத்துக்குப் போனோம். அங்கே டிவிக்கு முன்னால் கதிரைகள் நிறைந்திருந்தன. நஜீம் நானா முன் வரிசையில், கடிதத்தை மடியில் வைத்து, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எங்கள் ஆட்கள் ஊர் தேடினார்கள்.

"இவரு எந்தப் பக்கம்?"

"தெக்குப் பக்கமாம்."

"இவரு?"

"இவரும் அந்தப் பக்கந்தான்."

"இந்தப் பொம்புள?"

"ஆரோ ப்ரொபெசராம். நமக்குத் தெரியா."

முன்பெல்லாம் அமைச்சரவை பதவியேற்று முடிவதற்குள் ஒரு பானைச் சோறு வடித்து இறக்கிவிடலாம். அவ்வளவு பேர். இந்த முறை அமைச்சுகளைச் சேர்த்து, ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். நாடு முழுக்க அதைப் பாராட்டியது. எங்கள் சங்கத்தில் ஒருவரும் பாராட்டவில்லை. ஆட்கள் குறைந்தால் எங்கள் ஆளுக்கு இடம் எங்கே?

"எங்கட ஆளொருத்தரும் வரல்லயே," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"பொறுங்க, இன்னும் முடியல்ல," என்றார் நஜீம் நானா.

"முடிஞ்சி, நானா. குரூப் போட்டோவுக்கு நிக்கிறாங்க."

நானா பேனையை மூடினார். அந்த 'டிக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இந்தப் புள்ளிக்கோட்டுல நான் இப்ப ஆர்ட பேர எழுதுற?" என்றார், டிவியைப் பார்த்து.

மதினிதான் கேட்டார்: "அப்ப என்ட பாத?"

"என்ன செய்ற, பௌசியா. இந்த அஞ்சு வருஷம் நமக்கு ஆளில்ல. அடுத்த முறைக்கிப் பாப்போம்."

"அஞ்சு வருஷத்துக்கு மீன நான் தலயில வெச்சிட்டா நிக்கிற?"

மதினி எழுந்து போய்விட்டார்.

நான் மதினியைப் போல இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குக் கோபம் வரும். எனக்குப் பயம் வரும். வீட்டுக்குப் போகிற வழியில், கூட்டிப்போக வந்த கணவரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்துகொண்டு நான் கணக்குப் போட்டேன். பாதை இல்லையென்றால் லொறி இல்லை. லொறி இல்லையென்றால் வாடி இல்லை. வாடி இல்லையென்றால் மதினி எங்கள் வீட்டுக்கு வருவார். வரட்டும், சந்தோஷம்... ஆனால் அந்த மனிசி சும்மா இருக்கிற ஆளா? சும்மா இருந்தால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால்...

"என்ன, பின்னால முணுமுணுக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒங்கட ராத்தாக்குப் பிரஷர் ஏறினா ஆர் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போற?"

"அவக்குப் பிரஷரே இல்லயே!"

"இப்ப இல்ல."

அவர் வேகத்தைக் கூட்டினார். கலியாணம் முடித்த காலத்திலிருந்தே இந்த மாதிரி இடங்களில் அவர் செய்வது அதுதான்.

சில நாள் கழித்து வர்த்தமானி வந்தது. எந்த அமைச்சுக்கு என்ன வேலை என்று அரசாங்கம் எழுதி வெளியிடுகிற பத்திரம். சங்கத்து வட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. அமைச்சர்களின் பெயர்தான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே, இனி என்ன பார்க்க இருக்கிறது?

நான் திறந்தேன்.

தைரியத்தில் இல்லை. பயத்தில். எனக்கு ஒரு வியாதி உண்டு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற துண்டுக் காகிதத்தை அடி வரைக்கும் வாசிப்பேன். வீட்டுக்கு வருகிற கரண்ட் பில்லின் பின்பக்கத்தை வாசிப்பேன். வாசிக்காமல் விட்ட வரியில்தான் எனக்கு வரப்போகிற ஆபத்து இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் படிக்காமல் விட்டதைச் சேர்த்து இப்போது வாசிக்கிறேனோ என்னவோ!

கற்பிட்டிக்குப் போய், கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன்.

"இது நெறய பக்கம் இரிக்கி. எந்தப் பக்கம் வேணும்?" என்றாள் கடையில் இருந்த பெண்.

"முழுக்க."

"முழுக்கவா? நீங்க லோயரா?"

"இல்ல மகள். பயந்தவள்."

மூன்று பின்னேரம் எடுத்தது. கோடு போடுகிற அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, சத்தமாக வாசித்தேன். அந்தத் தமிழ் லேசான தமிழ் இல்லை. ஒரு வசனம் தொடங்கினால் முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. ஒவ்வொரு அமைச்சுக்கும் பக்கத்தை நெடுக்காகப் பிரித்து மூன்று நிரல் போட்டிருந்தார்கள். முதலாம் நிரலில், செய்ய வேண்டிய வேலைகள். இரண்டாம் நிரலில், கீழே உள்ள திணைக்களங்கள். மூன்றாம் நிரலில், அந்த அமைச்சு நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்கள்.

அமைச்சரின் பெயர்? அங்கே ஒரு இடத்திலும் இல்லை! நான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன். அத்தனை பக்கத்திலும் ஒரு ஆளின் பெயர்கூடக் கிடையாது. இன்ன அமைச்சர் என்று பதவிதான் இருக்கிறது. நாங்கள் டிவிக்கு முன்னால் கதிரை போட்டு ஊர் ஊராகத் தேடிய அந்த மனிதர்கள் யாருமே இந்தப் பத்திரத்தில் இல்லை. இருப்பது வேலை மட்டும்.

வேலைகளைப் பங்கு வைத்திருக்கிற விதம் இருக்கிறதே... உப்பு ஒரு இடத்தில், உப்பு விளைகிற நிலம் இன்னொரு இடத்தில். மீன் ஒரு அமைச்சில், மீன் வந்து இறங்குகிற கரை வேறு அமைச்சில்.

கரை வேறு அமைச்சில்!

அடிமட்டத்தை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. கரையோரத்தைக் காப்பாற்றுகிற திணைக்களமும், அதற்கான சட்டமும் சுற்றாடலைப் பார்க்கிற அமைச்சுக்குக் கீழே வந்திருந்தன. நாங்கள் ஆண்டாண்டாகக் கரையைப் பற்றி யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்? எங்கள் ஆளுக்கு. அவரும் இல்லையென்றால் கடற்றொழில் அமைச்சருக்கு. கடலுக்குப் போகிறவன் வேறு யாருக்கு எழுதுவான்?

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. தமிழில் பிழையாக அடித்திருந்தால்? சிலாபம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருக்கிற மேரி அக்காவிடம் ஓடினேன். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சிங்களப் பிரதியைப் போனில் எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார்.

"சரிதான் நிஸா. அதேதான் இருக்கு. ஏன் முகம் இப்பிடி வேர்க்குது? நல்ல விஷயந்தானே?"

"நல்ல விஷயம் எண்டுதான் அக்கா பயமா இரிக்கி."

அடுத்த நாள் மதினியையும் கூட்டிக்கொண்டு நஜீம் நானாவிடம் போனேன். வர்த்தமானியை விரித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"சுற்றாடலா? நாங்க என்ன மரமா நட்டோம், தங்கச்சி?"

"கரை அவங்கட பொறுப்புல இரிக்கி, நானா. இஞ்ச பாருங்க, மூணாம் நிரல்."

"அந்த அமைச்சர் ஆரெண்டே தெரியாதே. முகம் தெரியாத மனிசனுக்கு என்னெண்டு கடிதம் எழுதுற?"

"அவருக்கும் எங்கட முகம் தெரியாதுதானே, நானா. சமன்."

இதை நான் சொன்னேனா? நானேதான் சொன்னேன்.

நானா கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, புள்ளிக்கோட்டுக் கடிதத்தை எடுத்து, கிழித்தார். முத்திரை குத்தியிருந்த பக்கத்தை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புதிய கடிதத்தை மேரி அக்காவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து எழுதினோம். நான் தமிழில், அவர் சிங்களத்தில். பழைய பழக்கம் விடுமா? 'ஏழை எளிய மக்களாகிய நாங்கள் கண்ணீரோடு' என்று நான் தொடங்கினேன்.

"ஆர் அழுற?" என்றார் மதினி.

"அப்பிடித்தானே மதினி எழுதுற?"

"கண்ணீரெல்லாம் போடாத. சட்டத்துட பேர எழுது. பாத எங்கயிருந்து எங்க போகுது எண்டு எழுது. வேலி எப்ப போட்டாங்க எண்டு எழுது. சீசன் தொடங்கப் போகுது எண்டு எழுது. அவ்வளவுதான்."

"வேற ஒண்டும் வேணாமா?"

"வேணும். 'அவசரம்' எண்டு மேல எழுது."

பாதை இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா? மதினி ஒரு போட்டோ கொண்டுவந்தார். மகளின் கல்யாணத்தன்று எடுத்தது. பூ ஒட்டிய வேன் அந்தப் பாதையில் நிற்கிறது. இரண்டு பக்கமும் தென்னை, பின்னால் கடல். முன்னால் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அதனாலேயே அந்தப் படம் கல்யாண அல்பத்தில் சேரவில்லையாம். மாப்பிள்ளையின் கண் யாருக்கு வேண்டும்? எங்களுக்குப் பாதைதான் வேண்டும்!

அமைச்சுக்கு ஒன்று, திணைக்களத்துக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று என்று மூன்று பிரதிகள், தொடர்புக்கு என் பெயரும் போன் நம்பரும் போட்டு, ரெஜிஸ்டர் தபாலில் போயின.

அதன் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. லொட்ஜ்காரர்களுக்குத் தெரிந்துவிட்டால்? அங்கே சமைக்கிற எங்கள் பெண்களை நிறுத்திவிட்டால்? சட்டத்தின் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்திருந்தால்? தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றேன். "அந்த மனிசன் ஒன்னக் கண்டு வேற ரோட்டால போறான்," என்றார் வீட்டுக்காரர்.

ஆனால் பதில் தபாலில் வரவில்லை. ஒரு பகல் நேரம், நான் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருக்கும்போது, போன் அடித்தது. ஒரு பெண் குரல். சிங்கள வாடையில் மெதுவான தமிழ்.

"நிஸா மெடம்? நீங்க அனுப்பின கடிதம் பத்தி..."

உங்களிடம் மறைக்க மாட்டேன். 'ரோங் நம்பர்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

ஏன்? எனக்கே தெரியாது. அரசாங்கம் என்னை 'மெடம்' என்று கூப்பிட்டால் நான் வேறு என்ன செய்வேன்?

மதினியிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். பிறகு சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, "குடு போன," என்றார். அந்த நம்பருக்கு அவரே எடுத்தார். "ஓம் நோனா, சரியான நம்பர்தான். அவக்குக் கொஞ்சம் பயம். எப்ப வாறீங்க?"

வந்தார்கள். ஒரு வெள்ளை ஜீப்பில், ஒரு இளம் பெண் அதிகாரியும், அளக்கிற நாடாவும் பழைய வரைபடமும் பிடித்த ஒருவரும். மேரி அக்கா மொழிபெயர்க்க நின்றார். சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நஜீம் நானா வெள்ளைச் சட்டை. இரும்புக் கேட்டுக்கு உள்ளே, அரைக் காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக லொட்ஜ் மனேஜர்.

அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் மதினியிடம் கேட்டார்: "எவ்வளவு காலமா இந்தப் பாதய நீங்க பாவிக்கிறது?"

மதினி கேட்டைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"தொண்ணூறுல எங்கள மன்னாரிலயிருந்து வெளியேத்தின நேரம், வள்ளத்துல வந்து இந்தக் கரையிலதான் எறங்கினோம், நோனா. உடுத்த உடுப்போட. மூத்தவள் இடுப்புல, சின்னவள் வயித்துல. எந்தப் பக்கம் போறதெண்டு தெரியா. இந்தப் பாதயாலதான் உள்ளுக்குப் போனோம். நான் இந்த ஊருல முதல் முதல் கால் வெச்ச இடம் இது."

மேரி அக்கா அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு முடித்தார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு மதினியைப் பார்த்தார். பிறகு மீண்டும் எழுதினார். இந்த முறை நிறைய எழுதினார்.

வரைபடத்தில் பாதை இருந்தது. நாடாவில் வந்த அகலமும் பொருந்தியது. கல்யாணப் போட்டோவை அவர் இரண்டு தடவை பார்த்தார். "மாப்பிள்ள தூங்கிட்டாரா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எங்கள் பயமெல்லாம் போய்விட்டது. எங்கள் என்றால்... மற்றவர்களின் பயம். என்னுடையது கொஞ்சம் குறைந்தது.

ஜீப் போன பிறகு மனேஜர் கேட்டுக்கு வெளியே வந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. அதிசயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"உண்மையச் சொல்லுங்க. கொழும்புல ஆரப் புடிச்சீங்க? எந்த மினிஸ்டர்?"

நஜீம் நானா வாயைத் திறந்தார். மதினி முந்திக்கொண்டார்.

"ஒரு மினிஸ்டரையும் புடிக்கல்ல, தம்பி. மூணாம் நிரலப் புடிச்சோம்."

மனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பில் தென்னை மரத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தது.

எழுத்தில் உத்தரவு வந்தது. லொட்ஜ்காரர்கள் தாங்களாகவே வேலியைக் கழற்றினார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், சண்டை பிடிக்கவில்லை. செம்பரத்தைக் கன்றுகளை மதினி கேட்டு வாங்கி வாடி ஓரத்தில் நட்டுக்கொண்டார். சமையல் வேலைக்குப் போகிற பெண்கள் இன்னும் போகிறார்கள். சட்டத்தின் பெயரில் எழுத்துப் பிழையும் இருக்கவில்லை. நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை!

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பிழையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமைச்சரவை மேசையில் எங்கள் ஆட்கள் இருக்கத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் பாஷை தெரிந்த, எங்கள் கடலில் உப்புக் குடித்த ஒருவர் அங்கே இருந்தால் எங்களுக்கும் நெஞ்சு நிமிரும். நாட்டுக்கும் அழகு. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அவர் வரும் வரைக்கும் மீன் காத்திருக்குமா? இத்தனை வருடமாக நாங்கள் வாசித்தது அமைச்சரவையின் முதல் பக்கத்தை மட்டும். மீதிப் பக்கங்களையும் எங்களுக்காகத்தான் அடித்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே!

போன வாரம் சீசன் தொடங்கியது. முதல் நாள் காலையில் நானும் போயிருந்தேன். போட்டுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. லொறி தார் ரோட்டிலிருந்து திரும்பி, ஹோர்ன் அடித்துக்கொண்டே, நெருக்கிக்கொண்டு, நேரே கடல் வரைக்கும் வந்து நின்றது. பெண்கள் குரவையிடாத குறை. நஜீம் நானா பாதையின் நடுவில் நின்று, அமைச்சருக்கு நன்றி சொல்லி ஒரு பெனர் கட்ட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி அவர எங்கட ஆளெண்டு சொல்லலாம்தானே, தங்கச்சி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் சத்தம் போட்டது. பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அமைச்சரவைய மாத்தப் போறாங்களாம்! அமைச்சுகளயும் மாத்துவாங்களாம்!"

எத்தனை பக்கம் வருமோ? மறுபடியும் பிரிண்ட் எடுக்க வேண்டுமா? கரை இந்த முறை யாரிடம் போகுமோ?

பின்னாலிருந்து மதினி வந்தார். தலையில் ஒரு பேசன் நிறைய சூடை மீன், இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய.

"மாத்தட்டும், நிஸா வாசிப்பா. இப்ப ரெண்டு பேரும் ஓரமா நில்லுங்க... மீன் வெயில் குடிக்கிது."